மனைப் பத்திரத்தில் இல்லாத ஐந்தாவது அளவு

வீட்டு வரைபடம் போடுவதற்காகத் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தைத்தான். அதில் அளவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்: "வடபுறம் கிழமேல் 30 அடி, தென்புறம் கிழமேல் 34 அடி, கீழ்புறம் தென்வடல் 60 அடி, மேல்புறம் தென்வடல் 56 அடி, ஆக 1856 சதுர அடி." எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைத்த 32-ஐயும் 58-ஐயும் பெருக்கியதால் வந்த விடை இது. கொருக்குப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும், பாகம் பிரித்துப் பிரித்துக் கோணலாகிப்போன மனைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொருந்தாத இடத்தில், சதுர அடி விலை பேசி வாங்குபவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் நட்டம் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் தெரிந்தால் அதன் வடிவம் உறுதியாகிவிடும்; நாற்கரம் அப்படி அல்ல. நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். பக்கங்களும் சுற்றளவும் மாறாமல் இருக்க, உள்ளே அடைபடும் பரப்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே நான்கு பக்க அளவுகளை மட்டும் வைத்துப் பரப்பைச் சொல்ல முடியாது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடித்து மூலைவிட்டத்தையும் அளந்தாக வேண்டும். மேற்சொன்ன மனையில் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு அளந்தபோது 60 அடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மனை இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். முதல் முக்கோணத்தின் பக்கங்கள் 30, 60, 60. அவற்றின் கூடுதலில் பாதி 75. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 45, 15, 15. இந்த மூன்றையும் 75-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 871.4 சதுர அடி. இரண்டாவது முக்கோணத்தின் பக்கங்களான 34, 56, 60-க்கும் அதே முறையில் 936.1 சதுர அடி வரும். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 1807½ சதுர அடிதான். பத்திரத்தில் இருக்கும் 1856-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 48 சதுர அடி, அதாவது ஆறுக்கு எட்டில் ஒரு குளியலறையின் இடம்.

சராசரிக் கணக்கு சில மனைகளில் கூடுதலாகவும் சில மனைகளில் குறைவாகவும் காட்டி ஈடுசெய்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு உண்மைப் பரப்புக்குச் சமமாகும். மற்ற எல்லா நாற்கரங்களிலும் அது கூடுதலாகவே காட்டும். 628-ஆம் ஆண்டில் எழுதிய நூலிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்தப் பெருக்கலைத் தோராயப் பரப்பு என்று சொல்லி, வர்க்கமூலம் எடுக்கும் நுட்பமான கணக்கை அதிலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார். நில அளவைத் துறை ஒவ்வொரு புலத்துக்கும் (சர்வே எண்ணுக்கு உரிய நிலத்துக்கும்) வைத்திருக்கும் புலப்படமும் அதை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் முறையில் அமைந்ததுதான். அளவையர்கள் ஜி லைன் என்று சொல்லும் கோடுகள் அதற்காகவே போடப்படுகின்றன.

சுற்றளவை வைத்து மனையின் பரப்பை மதிப்பிடுவதும் தவறு. 40-க்கு 30 மனைக்கும் 60-க்கு 10 மனைக்கும் சுற்றளவு ஒன்றேதான், 140 அடி. ஆனால் முதலாவது 1200 சதுர அடி, இரண்டாவது வெறும் 600. சுற்றுச்சுவருக்கு ரன்னிங் அடிக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே செலவாகும் என்பதால், ராயபுரம் பக்கத்துச் சந்துகளில் உள்ளது போன்ற ஒடுங்கி நீண்ட மனையை வாங்குபவர்கள் சுவர்ச் செலவைத் தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதும் பழக்கம் இன்னொரு கேடு. 30 அடி 10 அங்குலத்தை 30.10 என்று குறித்து, அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டிவிடுகிறார்கள். அடிக்கு 12 அங்குலம் என்பதால் 10 அங்குலம் என்பது 0.83 அடி. 60 அடி நீள மனையில் சரியான பரப்பு 1850 சதுர அடியாக இருக்க, 30.10 போட்டால் 1806 தான் வரும். 44 சதுர அடி காகிதத்திலேயே காணாமல் போகிறது. மீட்டரில் அளந்த பட்டாவிலும் இதே கவனம் தேவை: ஒரு சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி. நீளத்துக்கு உரிய 3.28-ஆல் பரப்பைப் பெருக்கக் கூடாது.

மனையில் ஏற்கெனவே வீடு இருந்தால் மூலைவிட்டத்துக்கு நேராக டேப் பிடிக்க முடியாது. அப்போது கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் முறையே உதவும். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடியும் மறுபக்கம் 8 அடியும் குறித்து, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே அளக்க வேண்டும். சரியாக 10 அடி இருந்தால் அந்த மூலை செங்கோணம். மேற்சொன்ன மனையின் வடகிழக்கு மூலையில் இது ஏறக்குறைய 8 அடி 8½ அங்குலம்தான் இருக்கும். இந்த ஓர் அளவு கிடைத்தால், மூலையின் கோணத்தையும் அதிலிருந்து மூலைவிட்டத்தையும் பொறியாளரோ அளவையரோ கணக்கிட்டுவிடலாம். குறிகளுக்கு இடையே ஓர் அங்குலம் பிசகினாலும் மூலைவிட்டத்தில் அது பல அங்குலமாகப் பெருகும் என்பதால், சுவர்ப் பூச்சை நம்பாமல், எல்லைக் கல்லிலிருந்து நூல் கட்டி இரண்டு மூலைகளிலாவது அளந்து ஒப்பிட வேண்டும். இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட்டு, கிரயப் பத்திரத்துடன் இணைக்கும் வரைபடத்தில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு எத்தனை அடி என்று மூலைவிட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள்.