டூர் பரிசு: முதலில் ஆள், அப்புறம் ஊர்

மார்ச் கணக்கு முடிந்ததும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "டார்கெட் முடிச்சுட்டாங்க மேடம், ஒரு நாற்பது பேர், பாங்காக்குக்குத் தலைக்கு எவ்வளவு ஆகும்?" ஊரும் பட்ஜெட்டும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்த நாற்பது பேர் யார், என்ன வயது, எத்தனை பெண்கள், எத்தனை பேரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேட்டால்தான் தயக்கம் வரும். "அதெல்லாம் கேட்டுச் சொல்றேன் மேடம்" என்பார்கள்.

சென்னையில் கம்பெனிகளுக்குக் குழுப் பயணம் ஏற்பாடு செய்வது என் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு தொழிற்சாலைகள், ஓஎம்ஆர் ஐடி அலுவலகங்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து உதிரிபாகக் கம்பெனிகள் என்று எல்லா வகையும் பார்க்கிறேன். எச்ஆர் ஆட்களுக்காகவும், தனியாக எச்ஆர் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் தாங்களே பார்க்கும் முதலாளிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கே போகலாம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். யார் யார் வரப்போகிறார்கள் என்பதில் ஆரம்பியுங்கள். நான் பார்த்தவரை டூர் நன்றாக அமைவதும் கசப்பாக முடிவதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

விற்பனைப் பிரிவுக்கு டார்கெட் உண்டு, கையில் கணக்கு உண்டு, அதனால் டூர் அவர்களுக்கே போகிறது. அந்த ஆர்டரை இரவு வரை நின்று லாரியில் ஏற்றிய டெஸ்பாட்ச் ஆட்களுக்கும், பில் போட்ட அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கும் அப்படி ஒரு கணக்கே இல்லை. அவர்கள் இங்கே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்களின் கடற்கரைப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கும். நாலு பேரை உற்சாகப்படுத்த நாற்பது பேரை வாட விடுவது நியாயமில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் அதனதன் வேலைக்குப் பொருந்தும் அளவுகோல் வைக்கலாம். டெஸ்பாட்சுக்குத் தவறாமல் நேரத்தில் போன சரக்கு, மெயின்டனன்ஸுக்கு மிஷின் நிற்காமல் ஓடிய நேரம். அதை ஏப்ரலிலேயே தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் போடுங்கள். நடுவில் மாற்றாதீர்கள். வருஷக் கடைசியில் முதலாளிக்குப் பிடித்தவர்கள் பட்டியலாக அது மாறிவிட்டால், அடுத்த வருஷம் யாரும் அந்த போர்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தீபாவளி போனஸைக் குறைத்து அந்தப் பணத்தில் டூர் நடத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. தகுதியுள்ள ஊழியருக்கு 8.33 சதவீதம் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ். அது அவர்கள் உரிமை. டூர் அதற்கு மேல் கொடுப்பது.

பட்டியல் வந்தபின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மீட்டிங்கில் எல்லோரையும் வைத்துக்கொண்டு "யாருக்கு வர முடியாது?" என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். பயண நாள் நெருங்கும்போதுதான் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள் என்றால் மார்ச் மாதம் அந்த அம்மாவால் எங்கும் நகர முடியாது. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர் தை வரை அசைவம், மது இருக்கும் கூட்டத்தில் சங்கடத்தோடுதான் இருப்பார். ரம்ஜான் நோன்பில் இருப்பவரைப் பகலெல்லாம் வெயிலில் சுற்றிப் பார்க்க அழைத்துப் போவது கொடுமை. ஒருவருக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. இன்னொருவர் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. இதையெல்லாம் ஒரு படிவத்தில் எழுதி வாங்கி ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். வர முடியாதவருக்கு அதே மதிப்பில் வேறு ஒன்றைக் கொடுங்கள், குடும்பத்தோடு பின்னால் போய்வர ஒரு வவுச்சராகக்கூட இருக்கலாம். வராதது ஒத்துழையாமை என்ற பேச்சு மேலாளர் வாயிலிருந்து வரவே கூடாது.

இந்தத் தகவல் கையில் வந்துவிட்டால் மாதம் தானாகவே சுருங்கிவிடும். நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் சென்னையிலிருந்து விமானக் குழுப் பயணம் வைக்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று புயல் வந்தபோதும் மூடினார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மழை. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகும் அந்த மாதங்களில் மலை ரிசார்ட்டை விலை குறைவு என்பதற்காகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை பெரும்பாலான குழுக்களுக்குப் பொருந்துகிறது.

சரி, இப்போது ஊருக்கு வருவோம். 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்ததிலிருந்து எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம்தான். ஆசை தப்பில்லை. ஆனால் இந்தச் சலுகைகள் அந்தந்த அரசு நினைத்தால் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் வாரத்தில் மறுபடி சரிபாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு நாடுகளும் வருகைப் படிவத்தை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்பச் சொல்கின்றன. ஆங்கிலப் படிவம் பழக்கமில்லாத ஊழியருக்கு அலுவலகத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தரட்டும். தொழிற்சாலை ஊழியர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் நாட்டை விட்டுப் போகும்போது குடியகல்வுச் சோதனை தேவை என்று குறித்திருக்கும். தாய்லாந்து, மலேசியா, அமீரகம் எல்லாம் அந்தச் சோதனை பொருந்தும் நாடுகள். அங்கே வேலைக்குப் போகிறவருக்குத்தான் அதற்கான அனுமதி தேவை, சுற்றுலாவுக்கு இல்லை. ஆனாலும் இமிகிரேஷன் கவுண்டரில் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், திரும்பும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ஆகியவற்றின் பிரதி ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். உடன் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட, ஒருவர் மட்டும் கவுண்டரில் நின்று பதில் சொல்லத் திணறினால் அவருக்குப் பரிசின் சந்தோஷமே போய்விடும்.

பாஸ்போர்ட் பிரதிகளை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். பிறந்த தேதி, முகவரி, அப்பா அம்மா பெயர் எல்லாம் நாற்பது போன்களில் போய்க் கிடக்கும். ஒரே ஒரு ஆள் மெயிலில் வாங்கி, பயணம் முடிந்ததும் அழித்துவிடட்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறீர்கள் என்றால் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக ஆன்லைனில் அனுமதி, அதாவது இ-பாஸ், எடுக்க வேண்டும். 2025 கோடைக்கு உயர்நீதிமன்றம் வாகன வரம்பும் வைத்தது. ஊட்டிக்கு வார நாளில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதனால் சென்னையிலிருந்தே பஸ்ஸில் ஊட்டி போவதை நான் பரிந்துரைப்பதில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு படுத்தால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து உள்ளூர் வண்டி. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரைதான் போட முடியும் என்பதால், திறக்கும் நாள் காலையிலேயே ஆள் உட்கார வேண்டும்.

வண்டி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். மலைப்பாதை தெரிந்த டிரைவர் வேறு, ஜிஎஸ்டி ரோடு மாதிரி சமதள நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டுகிறவர் வேறு. இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இதை எந்த எச்ஆரும் கோட்டேஷனில் கேட்டு நான் பார்த்ததில்லை. தலைக்கு ஐம்பது ரூபாய் குறைகிறதா என்றுதான் கேட்கிறார்கள். டிரைவருக்கு மலைப்பாதை அனுபவம் உண்டா, இரவுப் பயணத்துக்கு இரண்டாவது டிரைவர் உண்டா, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். டிரைவரின் வேலை நேரம் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம்தான். காலை ஆறு மணிக்கு எடுத்த வண்டியை இரவு கேம்ப்ஃபயர் முடியும்வரை நிறுத்திவைத்து, விடிகாலை மூன்று மணிக்கு மறுபடி எடுக்கச் சொல்வது கொலைக்கு ஒப்பானது. அவருக்கும் ஒரு கட்டிலும் மின்விசிறியும் உள்ள அறை கொடுங்கள், பஸ் டிக்கியில் படுக்க விடாதீர்கள். உங்கள் ஆட்கள் அத்தனை பேர் உயிரும் அவர் தூக்கத்தில்தான் இருக்கிறது. மலையிலிருந்து இறங்குவதை எப்போதும் பகலில் வையுங்கள்.

மலையேற்றம் கேட்கிறார்கள், இளைஞர்கள் அதிகமுள்ள கம்பெனிகளில் குறிப்பாக. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போன இளம் பெண்கள் பலர். இன்று வனத்துறையின் டிரெக் தமிழ்நாடு மூலமாக அனுமதிக்கப்பட்ட பாதைகளில் வழிகாட்டியோடு போகலாம். அனுமதியில்லாத பாதைக்கு "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார்" என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஈசிஆர் ரிசார்ட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். மாமல்லபுரம் பக்கத்துக் கடலில் இழுப்பு அதிகம், கரை அருகிலேயே ஆழம் இறங்கிவிடும். குளிக்கும் நேரத்தையும் குடிக்கும் நேரத்தையும் ஒரே மாலையில் வைக்காதீர்கள். ரிசார்ட்டின் உயிர்காக்கும் ஆள் எத்தனை மணி வரை இருப்பார் என்று கேட்டு, அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கம் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் ஊழியர்களைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம், வேலை தொடர்பாக ஊழியர் போகும் இடத்தையும், முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. ஆகவே டூர் பஸ்ஸும் ரிசார்ட்டும் உங்கள் அலுவலகத்தின் நீட்சி. "டூர்ல நடந்ததுதானே, விட்டுடுங்க" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உங்கள் கம்பெனி உள் புகார்க் குழுவின் உறுப்பினர் ஒருவர் கூடவே வரட்டும், முடியாவிட்டால் அவருடைய போன் நம்பர் எல்லாரிடமும் இருக்கட்டும். ரூமிங் லிஸ்ட் போடும்போது யாரோடு தங்க விருப்பம் என்று பெண்களிடமே கேளுங்கள். பெண் மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணையும் ஒரே அறையில் போட்டால் இருவருக்கும் ஓய்வில்லை. பெண்களின் அறைகள் ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருக்கட்டும். டிஜே இரவில் ஆட விருப்பமில்லாதவரைக் கையைப் பிடித்து இழுப்பது விளையாட்டு ஆகாது, முதல் நாளே இதை மேலதிகாரி மைக்கில் சொல்லிவிட வேண்டும். அப்புறம், விமானம் நள்ளிரவை ஒட்டி இருக்கும். ஆவடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் தனியாக எப்படி வருவார்கள் என்று யோசித்துப் பிக்கப் வண்டி போடுங்கள். திரும்பும்போதும் வீட்டு வாசல் வரை. பல அப்பாக்களும் கணவர்களும் "சரி, போய்ட்டு வா" என்று சொல்வதே இந்த ஒரு வண்டியைப் பொறுத்துத்தான்.

வரி பற்றிச் சுருக்கமாக: ஊழியருக்குக் கொடுக்கும் விடுமுறைப் பயணம் சம்பளத்தோடு சேரும் சலுகை, அதற்கு அவர் வரி கட்ட நேரும். பரிசு என்று கொடுத்துவிட்டு அடுத்த மாதச் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தால் முகம் சுருங்கிவிடும். அந்த வரியையும் கம்பெனியே ஏற்கலாம், ஆடிட்டரிடம் முன்பே பேசுங்கள். டீலர்களை அழைத்துப் போனால் விதி வேறு. ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் சலுகைக்கு 10 சதவீத டிடிஎஸ் 2022 ஜூலையிலிருந்து உண்டு.

நிகழ்ச்சி நிரலில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். காலை எட்டிலிருந்து இரவு பதினொன்று வரை டீம் பில்டிங், அவார்டு, சேர்மன் பேச்சு என்று அடைத்துவிட்டால் அது வேலை நாள்தான். ஒரு மதியம் முழுக்க அவரவர் இஷ்டத்துக்கு விட்டுப் பாருங்கள். சிலர் தூங்குவார்கள், சிலர் வீட்டுக்கு வாங்கிப் போகக் கடைக்குப் போவார்கள். வெளிநாடு என்றால் ஒரு வேளையாவது சோறும் ரசமும் கிடைக்கும்படி செய்யுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் பிரெட்டோடு திண்டாடுவதை நிறையப் பார்க்கிறேன்.

திரும்பும் நாளையும் இதே அக்கறையோடு வையுங்கள். ஞாயிறு நள்ளிரவில் சென்னையில் இறக்கிவிட்டுத் திங்கள் முதல் ஷிப்டுக்கு வரச் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் மிஷின் முன்னால் நிற்பார்கள். பிரஸ் ஓட்டும் ஆளுக்கு அது விரல் போகும் ஆபத்து. திங்கள் விடுமுறை கொடுங்கள், அதை அவர் லீவில் கழிக்காதீர்கள். அந்த நாட்களில் இங்கே இருந்து மற்றவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஓவர்டைம் கணக்கை அந்த வாரமே முடித்துவிடுங்கள்.