கணக்குக் குடிபெயர்வு

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் புழங்குபவர்கள் ‘அக்கவுண்ட் மைக்ரேஷன்’ என்று அடிக்கடி சொல்வார்கள். ஒரு வழங்கியில் (கணக்குகளை வைத்திருக்கும் ‘சர்வர்’ கணினியில்) இருக்கும் கணக்கை விட்டு இன்னொரு வழங்கிக்குப் போவதுதான் அது. ஃபேஸ்புக்கில் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. அங்கே இருப்பது ஒரே நிறுவனம். மாஸ்டடான் அப்படியல்ல. 2016-இல் ஜெர்மனியில் இருந்து ஆய்கன் ரோச்கோ வெளியிட்ட இந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் அந்த வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பல வழங்கிகளை நடத்துபவர்கள் தனிமனிதர்கள். கைக்காசு போட்டு நடத்துவார்கள், முடியாதபோது மூடிவிடுவார்கள். அப்போது அங்கிருப்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

மைக்ரேஷனின் வேர் ‘மிக்ராரே’ என்ற இலத்தீன் வினை. இடம் விட்டு இடம் போதல் என்று பொருள். பறவைகள் வலசை போவதற்கும் மனிதர்கள் நாடு விட்டு நாடு போவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். கணினித் துறை இதைத் தரவுக்கு எடுத்துக்கொண்டது: பழைய தரவுத்தளத்தில் உள்ள அனைத்தையும் புதியதற்குக் கொண்டுபோவது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எழுதிய பதிவுகள், போட்ட படங்கள் எல்லாம் கூடவே வரும் என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். மாஸ்டடானில் அவை வராது.

வருபவர்கள் பின்தொடர்பவர்கள். 2019-இல் வெளியான 3.0 பதிப்பில் இந்த வசதி வந்தது. முதலில் புதிய கணக்கின் அமைப்புகளுக்குப் போய், பழைய முகவரியையும் தன்னுடையதாகப் பதிய வேண்டும். அப்புறம் பழைய கணக்குக்குத் திரும்பி, புதிய முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். உடனே பழைய வழங்கி, பின்தொடர்பவர்கள் இருக்கும் வழங்கிகளுக்கெல்லாம் ‘இவர் இங்கே போய்விட்டார்’ என்று செய்தி அனுப்பும். அவை புதிய கணக்கில் பழைய முகவரி பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்து, பின்தொடர்பவர்களைப் பழைய கணக்கிலிருந்து விலக்கிப் புதியதில் சேர்த்துவிடும். நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்களின் பட்டியலையும் நாம் தடுத்துவைத்தவர்களின் பட்டியலையும் தனிக் கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் நாமே ஏற்ற வேண்டும். ஒரு முறை மாறினால் அந்தக் கணக்கிலிருந்து அடுத்த 30 நாள் மறுபடி மாற முடியாது.

பழைய வழங்கி உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2024 பிப்ரவரியில் ‘குயர்.ஏஎஃப்’ என்ற வழங்கியின் முகவரியை ஆப்கானிஸ்தானின் தாலிபன் அரசு முடக்கியது, ‘.ஏஎஃப்’ அந்நாட்டின் இணையப் பின்னொட்டு. முகவரி போனதும், போகுமிடத்தைச் சொல்லியனுப்பும் வழியும் அடைபட்டுவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘கணக்கு இடமாற்றம்’ என்று எழுதுகிறார்கள். அரசாணை வாடை அடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கே இடம் மாறுவதாகப் பொருள் தருகிறதே, அது தவறு. பழைய கணக்கு பதிவுகளோடு அங்கேயேதான் கிடக்கிறது. ‘புலம்பெயர்வு’ அழகான, பழைய சொல். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த பிறநாட்டவரைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. ஆனால் இன்று அது போரால் ஊரை இழந்த ஈழத்தமிழர்களின் சொல். வழங்கி மாற்றுவதற்கு அதை எடுத்தாள எனக்கு மனம் வரவில்லை.

என் தேர்வு ‘குடிபெயர்வு’. பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு நீங்குதல். குடி என்றால் அங்கே வாழும் ஆட்கள். வீடு அங்கேயே நிற்க, ஆட்கள் மட்டும் கிளம்புவதைத்தான் குடிபெயர்தல் என்கிறோம். பதிவுகள் தங்கிவிட, பின்தொடர்பவர்கள் கிளம்பும் இந்த ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ‘குடிபெயர்ப்பு’ என்று எழுதினால் பிறர் நம்மைக் கிளப்பிவிட்டதாகிவிடும். நாமே போவதால் ‘குடிபெயர்வு’தான்.

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ஒருவரின் அடையாளம் வழங்கியோடு பிணைக்கப்படவில்லை. அதனால் வழங்கி மாறும்போது பதிவுகளையும் எடுத்துப் போகலாம், பின்தொடர்பவர்கள் எங்கும் நகர வேண்டியதில்லை. அதற்குக் ‘கணக்கு இடமாற்றம்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.