ஒரு புது மொழியில் ‘அண்ணா’ எங்கே உட்காரும்?

வேலூர் லாங்கு பஜாரில் ஒரே கடைக்காரரை ஒருவர் ‘பாய்’ என்பார், இன்னொருவர் ‘அண்ணா’ என்பார், பெரியவர் ஒருவர் ‘நைனா’ என்பார். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. புதிதாக ஒரு மொழியை உருவாக்குகிறவர் பார்த்தே ஆகவேண்டும்.

முதல் சிக்கல், காதில் விழுந்த பெயர் எழுவாயா, கூப்பிடும் சொல்லா என்பது. தமிழ் சொல்லையே மாற்றிவிடுகிறது: அண்ணன் வந்தார், அண்ணா, வாங்க. தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் உண்டு. நம்பி ‘நம்பீ’ ஆகும், நங்கை ‘நங்காய்’ ஆகும். அழகுதான், ஆனால் ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு விதி வேண்டும். வெளியிலிருந்து வந்த ‘பாய்’, ‘சார்’ எதற்கும் அசைவதில்லை. குரலும் வினையும்தான் அங்கே வேலை செய்கின்றன.

தனி இடைச்சொல் வைத்தால் சுமை குறையும். கணினியும் குழப்பமில்லாமல் பகுக்க வேண்டும் என்று அமைத்த லோஜ்பான் என்ற செயற்கை மொழியில், பெயருக்கு முன் ‘டோய்’ வரும். (நம்மூர் ‘டேய்’க்குச் சொந்தம் இல்லை!) சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனா என்ற செயற்கை மொழியில் பெயருக்குப் பின் ‘ஓ’ வரும். கட்டளைக்கும் அதே ‘ஓ’தான். ‘யன் லிசா ஓ குத்தே’ என்றால் ‘லிசா, கேள்’. ஒரே ‘ஓ’ இரண்டையும் முடித்துவிடுகிறது.

அதில் ‘யன்’ என்றால் ஆள். டோக்கி போனாவில் பெயர் தனியே நிற்காது, முன்னால் ஒரு பொதுச்சொல் வேண்டும். அதனால் பட்டம் எங்கே வரும் என்ற கேள்வியே எழவில்லை. தமிழில் இரண்டும் உண்டு: டாக்டர் கண்ணன், கண்ணன் சார். பலகையிலும் அழைப்பிதழிலும் முன்னால் நிற்பவையே அதிகம். வாயால் கூப்பிடும்போது பெரும்பாலும் பின்னால் ஒட்டுபவைதான்.

அப்புறம் மரியாதை. ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் அமைத்த கிளிங்கான் மொழியில், மேலதிகாரியிடம் பேசும்போது வினையில் ‘நெஷ்’ என்ற விகுதி சேரலாம், சேர்க்காவிட்டாலும் பிழையில்லை. தமிழில் அந்தச் சலுகை கிடையாது. வாயைத் திறக்குமுன்பே ‘வா’வா, ‘வாங்க’வா என்று முடிவு செய்தாக வேண்டும். புது மொழிக்கு கிளிங்கான் வழிதான் நல்லது என்பேன்.

வடார்க்காட்டுப் பேச்சில் இன்னொரு வழியும் இருக்கிறது. ‘சொல்லுணா’ என்பதில் வினை வெறும் ஒருமை, மரியாதை விகுதி இல்லை. கடைசியில் ஒட்டிய அந்த ‘ணா’ கூப்பிடவும் செய்கிறது, மரியாதையையும் கொடுத்துவிடுகிறது.