தர்மகர்த்தா – அறங்காவலர்: சொல் விளக்கம்

கொழும்புக் கோயில்களின் திருவிழா அழைப்பிதழ்களில், கடைசி வரியாக ‘இங்ஙனம், தர்மகர்த்தா சபையினர்’ என்று அச்சிடுவது வழக்கம். அதே கோயில் காணிக்கு உறுதி எழுதும் சட்டத்தரணி அவர்களை ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்’ என்பார். கூட்டத்திலோ எல்லோரும் ‘டிரஸ்டி’ என்றே பேசுவார்கள். மூன்று சொற்களும் ஒரே பதவியைச் சுட்டுகின்றன. ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் யார் என்பதற்கு மூன்று வேறு விடைகளைத் தருகின்றன.

‘தர்மகர்த்தா’ வடசொல். கர்த்தா என்பது முதலில் செய்பவனை, வினைமுதலைக் குறித்தது; பின்னர் தலைவன், ஆண்டவன் என்ற பொருள்களும் ஏறின. கிறித்தவத் தமிழில் ‘கர்த்தர்’ இறைவனையே குறிப்பது இதனால்தான். தம் பணத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிய பெரியவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தியது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் நிறுவினார். அதைக் கருங்கற் கோயிலாகப் புதுப்பித்தவர் அவர் மகன் சேர். பொன். இராமநாதன். அத்தகையோரின் காலத்தில் நிறுவனமும் நிறுவியவரும் வேறாகத் தோன்றவில்லை. நிர்வாகம் தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போவதையும் யாரும் குறையாக எண்ணவில்லை.

சட்டம் வேறு வழியில் சிந்தித்தது. இலங்கையின் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பை ஆதனத்தின், அதாவது சொத்தின், உடைமையோடு பிணைந்த ஒரு கடப்பாடு என்றே வரையறுக்கிறது: ஆதனம் ஒருவர் பெயரில் இருக்கும், அதன் பயன் இன்னொருவருக்கு உரியது. முறையான உறுதி இல்லாவிட்டாலும், சூழ்நிலைகளைப் பார்த்து அறக்கொடை நம்பிக்கைப் பொறுப்பு ஒன்று உள்ளதென நீதிமன்றம் கொள்ளலாம் என்று அதன் 107ஆம் பிரிவு கூறுவது, எழுத்தே இல்லாமல் தலைமுறைகளாக நடந்துவந்த நம் கோயில்களுக்குப் பெரிய துணை. ‘டிரஸ்டி’ என்ற ஆங்கிலச் சொல்லும் நம்பி ஒப்படைக்கப்பட்டவரையே குறிக்கிறது, ஆளுகிறவரை அன்று.

பொதுப்பணி அமைப்புகளின் நிர்வாகமும் இந்தத் திசையிலேயே நகர்ந்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது. இன்று பல அமைப்புகள் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனிகளாக (உறுப்பினர் தாம் உத்தரவாதமளித்த தொகைக்கு மட்டுமே பொறுப்பாகும் கம்பனிகளாக) பதிவாகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த வெளிநாட்டு நிதியோடு திட்ட அறிக்கையும் கணக்காய்வும் அன்றாட வேலையாயின. தலைமை பற்றிய எண்ணமும் மாறியது: தலைவர் முதலில் தொண்டர் என்னும் ‘சேவைத் தலைமை’க் கருத்தை 1970இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் முன்வைத்தார்.

இந்த மாற்றத்துக்கு ஏற்ற தமிழ்ச் சொல் ‘அறங்காவலர்’ என்பதே என் உறுதியான கருத்து. தமிழகத்தில் அது சட்ட வழக்காகவே நிலைத்துவிட்டது. அதன் கருத்தும் புதியதன்று. ‘இந்தத் தர்மம் இரட்சித்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலது’ என்று பழைய கல்வெட்டுகள் முடிகின்றன. அறக்கொடை செய்தவரே, பின்னாளில் அதைக் காக்கப்போகிறவரின் பாதத்தைத் தம் தலைமேல் வைக்கிறார். கொடுத்தவரைவிடக் காப்பவர் உயர்வு பெறும் இடம் அது.

காணி உறுதியிலும் நீதிமன்ற வழக்கிலும் ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ தொடரட்டும். சட்டத்தின் சொல்லை நாம் மாற்ற இயலாது. அமைப்பின் விதிகளைக் கூறும் யாப்பிலும் அழைப்பிதழிலும் பெயர்ப்பலகையிலும் ‘அறங்காவலர் சபை’ என எழுதத் தடை ஏதுமில்லை. ‘அறக்காவலர்’ எனச் சிலர் எழுதுகிறார்கள். வழக்கில் ஊன்றிய வடிவம் ‘அறங்காவலர்’.