கொள்ளளவா, திறனா?

‘அதிகத் திறன் கொண்ட நினைவகம் அறிமுகம்.’ கணினியின் நினைவகமான ரேமில் புதிய மாட்யூல் (சில்லுகள் பதித்த பலகை) எது வந்தாலும் தமிழ்ச் செய்தி இப்படித்தான் தொடங்குகிறது. உள்ளே படித்தால் விஷயம் வேறாக இருக்கும். ஒரே மாட்யூலில் முன்னைவிட அதிக ஜிபி அடங்குகிறது, அவ்வளவுதான். இதில் திறன் எங்கிருந்து வந்தது? படித்துப் படித்துச் சலித்துப்போனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே திறன் என்று மொழிபெயர்க்கும் ஆங்கில மூலச்சொல் ‘கெப்பாசிட்டி’. அதன் வேரான இலத்தீன் ‘காப்பெரே’ என்றால் பற்றுதல், கொள்ளுதல். நம் ‘கொள்’ என்ற வேரும் அதே பொருளில்தான் நிற்கிறது. கொள் + அளவு = கொள்ளளவு; தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும். கொண்ட அளவு, கொள்கின்ற அளவு, கொள்ளும் அளவு என்று முக்காலமும் காட்டும் வினைத்தொகை இது. குடத்துக்கும் அணைக்கும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். அணையின் திறன் இத்தனை கன அடி என்று யாராவது எழுதினால் சிரிப்போம். நினைவகத்துக்கு எழுதினால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

திறன் என்பது திறம் என்பதன் கடைப்போலி, அறம் அறன் ஆனதுபோல. செய்ய வல்ல தன்மை என்று பொருள். இயற்பியல் பாடநூலில் வாட் கணக்கில் அளப்பதும் திறன்தான். ரேம் மாட்யூலும் மின்சாரம் இழுக்கும், அதற்கும் வாட் கணக்கு உண்டு. ஆகவே ‘அதிகத் திறன் நினைவகம்’ என்று இயற்பியல் மாணவர் ஒருவர் படித்தால், நிறைய மின்சாரம் தின்னும் நினைவகம் என்று புரிந்துகொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. இந்தப் பிழை நுழைந்த வழி ‘நினைவுத்திறன்’ என்ற சொல்தான் என்பது என் ஊகம். அது மனிதரின் ஞாபக சக்தி. மனிதருக்குச் சொன்னதை எடுத்து அப்படியே எந்திரத்துக்குப் போர்த்திவிட்டார்கள்.

சொல் பிழை என்பதோடு இது நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர், பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் வைத்திருந்த கணினியில் 16 ஜிபியை 64 ஆக்கினார். திறன் நான்கு மடங்கானால் வேகமும் கூடும் என்று நம்பினார். ஒன்றும் கூடவில்லை. கூடாது. திறந்து வைத்த வேலை நினைவகத்தில் அடங்காதபோது கணினி மிச்சத்தைச் சேமிப்பகத்துக்குத் தள்ளும், அங்கிருந்து திரும்ப எடுக்கும். அந்தப் போக்குவரத்தில்தான் மந்தமாகும். அப்போது கொள்ளளவைக் கூட்டினால் பலன் தெரியும். ஏற்கெனவே இடம் மிச்சம் இருக்கும்போது இன்னும் கூட்டினால், காலி இடம்தான் கூடும். கொள்ளளவு என்று எழுதியிருந்தால் அவருக்கு இது தானே விளங்கியிருக்கும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1970-இல் வந்த இன்டெல் 1103 நினைவகச் சில்லில் 1024 பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றைத் தரவு) இருந்தது. 2023-இல் சாம்சங் அறிவித்த டிடிஆர்5 வகை ரேம் சில்லு ஒன்றில் 32 கிகாபிட். கொள்ளளவு 3 கோடி மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. கேட்ட தரவு கைக்கு வரும் நேரமோ நூற்றுக்கணக்கான நானோவினாடியிலிருந்து பத்துக்கணக்கான நானோவினாடிக்கு இறங்கியதோடு சரி. கோடி மடங்கு வளர்ந்த ஒன்றையும் ஏறத்தாழ பத்து மடங்கு மாறிய இன்னொன்றையும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

இன்னும் தெளிவான சான்று, செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கு என்விடியா செய்த எச்100, எச்200 செயலிகள். இரண்டிலும் கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான், கணிப்புத் திறன் மாறவில்லை. நினைவகக் கொள்ளளவு 80 ஜிபியிலிருந்து 141 ஜிபி ஆனது. நினைவகத்திலிருந்து தரவு பாயும் வேகம் வினாடிக்கு 3.35 டெராபைட்டிலிருந்து 4.8 ஆனது. ‘எச்200-இன் திறன் கூடியது’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால், மாறாத ஒன்றை மாறியதாகச் சொன்னவர் ஆகிறார். ஆங்கிலத்தில் ‘பேண்ட்வித்’ எனப்படும் இந்தப் பாயும் வேகத்தை ‘அலைவரிசை’ என்பவர்களும் இருக்கிறார்கள். அலைவரிசை வானொலிக்கு உரியது. இதற்குப் பட்டையகலம் என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்க்கும் பொறுமை மட்டும் இல்லை.

‘உற்பத்தித் திறன் என்கிறோமே?’ என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை என்று நேரத்தோடு சேர்த்து அளக்கும் இடம் அது, அங்கே திறன் பொருந்தும். ‘பேட்டரித் திறன் 5000 எம்ஏஎச்’ என்பதும் வழக்கில் இருக்கிறதே என்பார்கள். அதுவும் பிழை. எம்ஏஎச் என்பது பேட்டரி கொள்ளும் மின்னூட்டத்தின் அளவு. சார்ஜரில் எழுதியிருக்கும் வாட் கணக்குதான் திறன். ஒரு பிழைக்கு இன்னொரு பிழை சாட்சி சொல்ல முடியாது. ‘கொள்திறன்’ என்று நடுவழி பிடிப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனாலும் அளவு என்ற தெளிவான சொல் கையில் இருக்கும்போது திறனை ஏன் ஒட்டவைக்க வேண்டும்? இலங்கைப் பாடநூல்கள் மின்தேக்கியையே ‘கொள்ளளவி’ என்கின்றன. இன்றைய ரேமில் ஒவ்வொரு பிட்டும் தங்குவது அப்படிப்பட்ட ஒரு நுண்ணிய மின்தேக்கியில்தான்.

பெருங்கொள்ளளவு நினைவகம் என்று எழுதுங்கள். யாருக்கு அது தேவை என்பதும் அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்: கொள்ள வேண்டியது பெரிதாக இருப்பவர்களுக்கு. தரவுத்தளம் முழுவதையும் ரேமிலேயே வைத்து இயக்குபவர்கள், மரபணுத் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் ஆய்வாளர்கள், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை) ஓட்டுபவர்கள். 7,000 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிக்கு, அளவுருவுக்கு 2 பைட் என்றாலும் 140 ஜிபி வேண்டும். அதை அப்படியே 80 ஜிபி உள்ள ஒற்றை எச்100-இல் ஏற்ற முடியாது. அங்கே போதாமல் போவது கொள்ளளவு, திறன் அல்ல.