ரிப்போர்ட்ல எல்லாம் பாஸ், தொட்டியில மீன் செத்துக் கிடக்கு

சுரங்கக் கழிவுநீர டெஸ்ட் பண்றதுதான் என் வேலை. "காப்பர், ஸிங்க், பிஎச் எல்லாம் லிமிட்டுக்குள்ளதான இருக்கு, அப்புறம் எதுக்கு மீன விட்டுப் பாக்குறீங்க"ன்னு கேக்காத ஆளே கிடையாது. (பிஎச்னா தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு.) மெஷின் நாம தேடச் சொன்னத மட்டும்தான் தேடும், அதுவும் தனித்தனியா. ஆத்துல இருக்குற உயிருக்கு எல்லாம் ஒண்ணா சேர்ந்துல்ல உள்ள போகுது.

டாப்னியான்னு ஒரு தண்ணிப்பூச்சி. பொறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுங்கள, கடுக விடச் சின்னது, 48 மணி நேரம் அந்தத் தண்ணியில விடுவோம். அப்புறம் பீக்கர மெதுவா ஒரு ஆட்டு ஆட்டிட்டு 15 செகண்ட் பாப்போம், நீந்தலைன்னா அது போச்சுன்னு கணக்கு. மீனுக்கு 96 மணி நேரம். யார் செத்தாங்கங்கறதே பெரிய துப்பு: டாப்னியா மட்டும் போனா எனக்கு மொதல்ல காப்பர் மாதிரி உலோகத்து மேல சந்தேகம் வரும், மீன் மட்டும் போனா அம்மோனியா மேல.

அம்மோனியாவா, சுரங்கத்துலயான்னு கேப்பாங்க. பாறைய வெடிக்க வைக்கிற மருந்துல அமோனியம் நைட்ரேட் இருக்கு, சரியா வெடிக்காம சிந்துனது அப்படியே தண்ணியில கரைஞ்சிடும். ஒரு தடவ வந்த சாம்பிள்ல பிஎச் 7, உலோகம் எல்லாம் சுத்தம், ஆனா தொட்டியில காத்து விட விட கார்பன் டை ஆக்சைடு வெளிய போயி பிஎச் 8க்கு ஏறிடுச்சு, மூணாவது நாள் காலையில பாத்தா பாதிக்கு மேல மீன் செவுள விரிச்சுக்கிட்டு மல்லாந்து கிடக்கு. பிஎச் 7ல இருந்து 8க்குப் போனா அம்மோனியாவோட விஷமான வடிவம் கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகும். கம்பெனிக்காரங்க "நீங்க காத்து விட்டதாலதான் செத்துச்சு, எங்க தண்ணி நல்லாத்தான் இருக்கு"ன்னு சண்டைக்கு வந்தாங்க. ஆத்துலயும் தண்ணி கல்லுல மோதி ஓடுறப்ப இதேதான சார் நடக்கும்னு கேட்டேன், பதில் இல்ல.

அதே தண்ணிய ஜியோலைட்டுங்கற, அம்மோனியாவப் பிடிச்சு வச்சுக்கிற ஒரு தாதுக்கல்லு வழியா விட்டு அம்மோனியாவ எடுத்துட்டு மறுபடி மீன விட்டோம். 96 மணி நேரம் கழிச்சும் அத்தனையும் நீந்திக்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் வெடிமருந்து நிரப்புற இடத்துல சிந்தாம பாத்துக்க ஆள் போட்டாங்க.