சேர்ந்து ஓடும் இணையருக்கு: வேகம் யாருடையது?

ஜனவரி 26 விடுமுறையன்று நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களுக்குக் கணவனும் மனைவியுமாகப் பெயர் கொடுப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். இது நல்ல வழக்கம்தான். ஆனால் மார்கழிக் குளிரில் மூன்று வாரம் உற்சாகமாக ஓடிய பிறகு, இருவரில் ஒருவர் நொண்டிக்கொண்டும் மற்றவர் துணைக்குமாக எங்கள் பிசியோதெரபி மையத்துக்கு வருவதையும் பார்க்கிறோம். நொண்டி வருபவர் பெரும்பாலும் இருவரில் மெதுவாக ஓடக்கூடியவர்.

வேகமாக ஓடுபவர் தம்மையறியாமல் அரையடி முன்னே போகிறார். மற்றவர் அதை ஈடுகட்ட எட்டி எட்டிக் கால் வைக்கிறார். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். ‘இப்போதெல்லாம் மூச்சு வாங்கவில்லை’ என்று தூரத்தைக் கூட்டும் அந்தக் கட்டத்தில்தான் கீழ்க்காலின் முன்னெலும்பில் வலி தொடங்குகிறது. அந்த எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். வலி நான்கு விரற்கடை நீளத்துக்குப் பரவியிருந்தால் ஓட்டத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு கவனிக்கலாம். ஒரே புள்ளியில் சுரீரென்றாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அது எலும்பின் நுண்முறிவாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்ப்பதே முறை.

‘இவளுக்குப் பழக்கம் போதவில்லை சார், கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுகிறாள்’ என்று சொல்லும் கணவர்களிடம் நான் முதலில் கேட்பது மனைவியின் ஹீமோகுளோபின் அளவைத்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்களில் 25 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 12 கிராமுக்குக் கீழே இருந்தால், அவருக்குத் தேவை மருத்துவரின் ஆலோசனையே தவிர அதட்டல் அல்ல. பிரசவத்துக்குப் பிறகு ஓடும்போது சிறுநீர் கசிவதும் பலருக்கு உண்டு. கணவரிடம்கூடச் சொல்லாமல் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும்.

கணவர்களின் சிக்கல் வேறு வகை. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவரின் இதயத்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரத்தில் காணும் எண்ணை நம்பி அவர் எல்லை மீறிவிடக்கூடும். இருவருக்குமே நம்பகமான அளவுகோல் பேச்சுதான்: ஓடிக்கொண்டே காலை டிபனைப் பற்றி ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி.

சேர்ந்து பயிற்சி செய்ய நான் சொல்லும் ஏற்பாடு எளியது. ஒரே இடத்தில் ஒன்றாகத் தொடங்கி, அவரவர் வேகத்தில் 15 நிமிடம் போய், இருந்த இடத்திலேயே திரும்புங்கள். ஒருவர் இரண்டரை கிலோமீட்டர் போயிருப்பார், மற்றவர் ஒன்றரை; அதே வேகத்தில் வந்தால் தொடங்கிய இடத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்வார்கள். வாரத்தில் மூன்று நாள் இப்படி, முதலில் நடையும் ஓட்டமும் கலந்து, போதும்.

ஓட்டத்தன்று சேர்ந்தே ஓட விரும்பினால் மெதுவானவர் முன்னே போகட்டும், வேகமானவர் அரையடி பின்னால் வரட்டும். முன்னெச்சரிக்கை என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். உடலில் நீர் குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்துக்குக் கெடுதி. நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ, மயக்கமோ வந்தால் இருவரும் அங்கேயே நின்று, அருகிலுள்ள மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். குழு இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.